தக்கலையில் இருந்துகொண்டு அனிமேஷன் கற்க முடியுமா?

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். ஊர் தக்கலை. ஓரளவு படம் வரைவேன். வீட்டில் 8 ஜிபி ராம் உள்ள ஐ5 லேப்டாப் இருக்கிறது, தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. நாகர்கோவிலில் ஒரு பயிற்சி மையத்தில் ஒரு வருட அனிமேஷன் கோர்ஸுக்கு இந்த மாதமே பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? வீட்டிலேயே கற்றால் வேலை கிடைக்குமா?

பதில்:

இந்த மாதம் கட்டாதீர்கள். கோர்ஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. சாஃப்ட்வேர் இயக்கக் கற்பது ஒன்று, ஒரு பொருளுக்கு உயிர் கொடுத்து நகர்த்தக் கற்பது வேறொன்று. முன்னதை இணையத்தில் காசில்லாமல் கற்கலாம். பின்னதை ஒரு நல்ல ஆசிரியர் உங்கள் ஷாட்டைப் பார்த்துத் திருத்தினால் வேகமாகக் கற்கலாம். ஆனால் திருத்த உங்களிடம் ஷாட் இருக்க வேண்டும். கீழே சொல்லும் நான்கு பயிற்சிகளை முடித்துவிட்டுப் போனால், எதிரே இருப்பவருக்கு அனிமேஷன் தெரியுமா தெரியாதா என்பதை அரைமணி நேரத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

முதலில் கிளை. 'அனிமேஷன்' என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே மாடலிங், ரிக்கிங் (உருவத்தை அசைக்க உள்ளே எலும்பும் மூட்டும் போடுவது), டெக்ஸ்சரிங், லைட்டிங், ஸ்டோரிபோர்டு, கேரக்டர் அனிமேஷன் எல்லாம் தனித்தனி வேலைகள். சென்னையில் புதியவர்களை எடுக்கும் விஎஃப்எக்ஸ் நிறுவனங்களில் ரோட்டோ, பெயிண்ட் என்று தொடங்குவார்கள். படப்பிடிப்பில் எடுத்த காட்சியில் உருவங்களை ஃபிரேம் ஃபிரேமாக வெட்டிப் பிரிப்பது ரோட்டோ, வேண்டாதவற்றை அழித்து நிரப்புவது பெயிண்ட். சம்பளம் வரும், ஆனால் அனிமேட்டர் ஆக அது படிக்கட்டு அல்ல. உங்கள் கேள்வி அனிமேட்டர் ஆவது பற்றி என்பதால் அதையே பிடித்துக்கொள்கிறேன்.

2டி, 3டி இரண்டில் எது? தாளில் வரைவது போலவே ஒவ்வொரு படமாக வரையும் முறைக்கு கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ் இரண்டும் இலவசம். தொலைக்காட்சி கார்ட்டூன் தொடர்களில் அதிகம் நடப்பது கட்-அவுட் முறை: கை, முன்கை, தலை என்று துண்டு துண்டாக வரைந்து மூட்டில் கோத்து ஆட்டுவது. நம் மாவட்டத்துத் தோல்பாவைக்கூத்துப் பாவையைக் கையில் எடுத்துப் பார்த்தால் இதன் தத்துவம் முழுக்கப் புரிந்துவிடும். தோளிலும் முழங்கையிலும் துளை, நடுவில் கயிறு, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும். அந்த ஏற்றம் குறைந்தால் கை மடங்கும்போது இடைவெளி தெரியும். டூன் பூம் ஹார்மனி என்ற 2டி சாஃப்ட்வேரில் ரிக் செய்பவர்களும் இதே தவறைத்தான் முதலில் செய்வார்கள். 3டி-க்கு இலவச சாஃப்ட்வேரான பிளெண்டர் போதும். ஸ்டுடியோக்களில் மாயா என்ற சாஃப்ட்வேர்தான் நடக்கிறது என்று மையத்தில் சொல்வார்கள், அதில் உண்மை உண்டு. ஆனால் கிராஃப் எடிட்டரில் (அசைவைக் கோடாக வரைந்து காட்டும் பகுதி) வளைவைப் படிக்கத் தெரிந்தவர் பிளெண்டரிலிருந்து மாயாவுக்கு மாறச் சில வாரங்கள் போதும். 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' பிளெண்டரில் செய்த படம்தான். 'இலவச சாஃப்ட்வேர், தொழிலுக்கு ஆகாது' என்ற பேச்சை இனி காதில் வாங்க வேண்டாம்.

உங்கள் லேப்டாப்பில் பயிற்சிகள் ஓடும். ஹார்ட் டிஸ்க் பழைய வகை என்றால் முதலில் எஸ்எஸ்டி, அடுத்து ராமை 16 ஜிபி ஆக்குவது, அதன்பிறகே மற்றதெல்லாம். தனி நம்பர் பேட் இல்லாத லேப்டாப் என்றால் பிளெண்டரின் பிரிஃபரன்சஸில் இன்புட் பகுதியில் 'எமுலேட் நம்பேட்' தேர்வு செய்யுங்கள். இல்லாவிட்டால் கேமரா கோணம் மாற்றவே திணறுவீர்கள். பேனா டேப்லெட் 2டி-க்குக் கட்டாயம், 3டி-க்கு இப்போது தேவையில்லை.

குறைந்த திறன் உள்ள லேப்டாப்பில் யாரும் எச்சரிக்காத ஒரு குழி உண்டு. நீங்கள் நொடிக்கு 24 ஃபிரேமுக்குச் செய்த அசைவை லேப்டாப் நொடிக்கு 12 ஃபிரேம்தான் காட்டுகிறது என்று வையுங்கள். திரையில் மந்தமாகத் தெரியும். உடனே நீங்கள் கீகளை (அசைவின் முக்கிய நிலைகளைப் பதிந்த இடங்களை) நெருக்கி வேகப்படுத்துவீர்கள். ரெண்டர் செய்தால், அதாவது இறுதி வீடியோவாக எடுத்தால், எல்லாம் இரண்டு மடங்கு வேகத்தில் வெட்டி வெட்டி ஓடும். டைமிங் வரவில்லை என்று உங்களையே நொந்துகொள்வீர்கள், குற்றம் லேப்டாப்புடையது. டைம்லைனில் 'பிளே எவ்ரி ஃபிரேம்' என்றிருப்பதை 'ஃபிரேம் டிராப்பிங்' ஆக்குங்கள், ரெண்டர் பகுதியில் 'சிம்ப்ளிஃபை' போடுங்கள். எதையும் முடிவு செய்யும் முன் வியூ மெனுவில் உள்ள 'வியூபோர்ட் ரெண்டர் அனிமேஷன்' எடுத்து அந்த வீடியோவைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

இனி பயிற்சி. முதலாவது துள்ளும் பந்து. எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் பத்து நிமிடத்தில் தாண்டிப் போய்விடுவார்கள். இதில் ஒரு வாரம் உட்காருங்கள், ஏனென்றால் எடை என்ற விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

பிளெண்டர் தரும் உருண்டையின் ஆரம் 1 மீட்டர். அதை அப்படியே துள்ள விட்டால் கோயில் கோபுர அளவுக்கு விழுந்தால்தான் கண்ணுக்குச் சரியாக இருக்கும். ஆரத்தை 10 செ.மீ. ஆக்கி, ஸ்கேலை 'அப்ளை' செய்துவிடுங்கள். 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விடும் பந்து தரையைத் தொட ஏறத்தாழ அரை நொடி ஆகும், அதாவது 24 ஃபிரேம் கணக்கில் 12 ஃபிரேம். உயரத்தைப் பந்தின் அடியிலிருந்து அளக்க வேண்டும், நடுவிலிருந்து அல்ல. 3 ஃபிரேமில் 7.5 செ.மீ. இறங்கியிருக்கும், 6-இல் 30, 9-இல் 67.5, 12-இல் 120. இறங்கும் இடைவெளிகளைப் பாருங்கள்: 1, 3, 5, 7 என்ற விகிதம். காற்று பெரிதாகத் தடுக்காதவரை, விழும் எந்தப் பொருளுக்கும் இந்த ஒற்றைப்படை விகிதம் பொருந்தும்.

ஒவ்வொரு துள்ளலிலும் உயரம் 60 சதவீதமாகக் குறையும் ரப்பர் பந்து என்று கொள்வோம். நேரம் அதே 60 சதவீதமாகக் குறையாது, சுமார் 77 சதவீதமாகத்தான் குறையும். அதனால் கீகள் இப்படி விழும்: ஃபிரேம் 1-இல் உச்சி, 13-இல் தரை, 22-இல் 72 செ.மீ., 31-இல் தரை, 38-இல் 43 செ.மீ., 45-இல் தரை. கீ போட்டுவிட்டு ஓட்டினால் பந்து பலூன் போல மிதக்கும். காரணம், பிளெண்டர் எல்லாக் கீயையும் வழவழப்பான வளைவாக இணைக்கிறது. தரையை நெருங்கும்போது பந்து வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, உண்மையில் அங்கேதான் அதன் வேகம் உச்சம். கிராஃப் எடிட்டரில் தரைக் கீகளின் கைப்பிடியை உடைத்து கூர்மையான முனை ஆக்குங்கள், உச்சிக் கீகளை வளைவாகவே விடுங்கள். பக்கவாட்டு நகர்வு தனி வளைவு, அது நேர்கோடாக இருக்கட்டும்.

பந்து நசுங்குவது தரையைத் தொடும் ஒரே ஒரு ஃபிரேமில் மட்டும். உயரத்தை 0.7 ஆக்கினால் அகலத்தை இரண்டு திசையிலும் 1.2 ஆக்க வேண்டும், அப்போதுதான் கன அளவு மாறாது. பலர் உயரத்தை மட்டும் குறைப்பார்கள். பந்து காற்றுப் போனது போல் ஆகிவிடும். இதே ஃபைலில் கிரிக்கெட் பந்து, இரும்புக் குண்டு, பிளாஸ்டிக் பந்து மூன்றையும் நசுக்காமல், டைமிங்கால் மட்டும் வேறுபடுத்திக் காட்டுங்கள். அதை அடுத்தவர் பார்த்து எது எது என்று சொல்லிவிட்டால் முதல் பயிற்சி முடிந்தது.

இரண்டாவது, முப்பந்தல் காற்றாலை. ஆரல்வாய்மொழி வழியாகப் போகும்போதெல்லாம் கண்ணில் படுவதுதான். நிமிடத்துக்கு 15 சுற்று என்று எடுத்தால் ஒரு சுற்றுக்கு 4 நொடி, 96 ஃபிரேம். மூன்று இறக்கையும் ஒரே மாதிரி இருப்பதால் 120 டிகிரி, அதாவது 32 ஃபிரேம் செய்தாலே முடிவில்லாமல் சுற்றும். ஃபிரேம் 1-இல் 0 டிகிரி, ஃபிரேம் 33-இல் 120 டிகிரி. இங்கே இரண்டு இடறல்கள். வளைவை லீனியர் (நேர்கோடு) ஆக்க மறந்தால் இறக்கை 32 ஃபிரேமுக்கு ஒருமுறை தயங்கித் தயங்கிச் சுற்றும். 33 ஃபிரேமையும் ரெண்டர் செய்தால் 1-உம் 33-உம் ஒரே படம் என்பதால் சுழற்சி சேரும் இடத்தில் ஒரு சிறு தடுக்கல் தெரியும். 1 முதல் 32 வரை மட்டும் ரெண்டர் செய்ய வேண்டும். சைக்கிள் என்று அனிமேட்டர்கள் சொல்லும், திரும்பத் திரும்ப ஓடும் அசைவு எல்லாவற்றுக்கும் இதுதான் விதி.

மூன்றாவது நடை. கேரக்டரை நீங்களே மாடல் செய்து ரிக் போட முயலாதீர்கள், அதிலேயே ஆறு மாதம் போய்விடும். பிளெண்டர் ஸ்டுடியோ இலவசமாகத் தரும் ரெயின், ஸ்னோ போன்ற ரிக்குகள் போதும். சாதாரண நடையில் ஓர் அடிக்கு 12 ஃபிரேம், இரண்டு அடிக்கு 24. குதிகால் தரையைத் தொடும் நிலை 1-இல், உடல் தாழும் நிலை 4-இல், கால்கள் ஒன்றை ஒன்று கடக்கும் நிலை 7-இல், உடல் எழும் நிலை 10-இல், அடுத்த கால் தொடும் நிலை 13-இல். 25-ஆவது, 1-இன் நகல். காற்றாலையில் சொன்ன அதே விதி. முதலில் எல்லாக் கீயையும் 'கான்ஸ்டன்ட்' ஆக்கி, படம் படமாகத் தாவவிட்டு, நிலைகளை மட்டும் சரிபாருங்கள். நிலை சரியில்லாமல் வளைவைத் தேய்ப்பதில் பயனில்லை.

நடையில் இரண்டு நோய்கள் வரும். ஒன்று, கால் தரையில் வழுக்குவது. அடி நீளம் 72 செ.மீ., 12 ஃபிரேம் என்றால் தரையில் இருக்கும் பாதம் உடலைப் பொறுத்து ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சரியாக 6 செ.மீ. பின்னால் போக வேண்டும், உடல் முன்னேறுவதும் அதே 6 செ.மீ. இரண்டில் ஒன்று வளைவாக இருந்தால் வழுக்கும். மற்றொன்று, முழங்கால் ஒரு ஃபிரேமில் படக்கென்று விறைத்து மீள்வது. ஐகே (பாதத்தை நகர்த்தினால் முழங்கால் தானே மடங்கும் அமைப்பு) போட்ட கால் முழு நீளத்துக்கு நீண்டுவிட்டால் அப்படி ஆகும். இடுப்பை அந்த ஃபிரேமில் கொஞ்சம் தாழ்த்துங்கள், முழங்காலில் எப்போதும் சிறு மடிப்பு மிஞ்சியிருக்கட்டும்.

ரெஃபரன்ஸ் வீடியோ நீங்களே எடுங்கள், இந்த மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. குளச்சலில் கரமடி வலை இழுப்பவர்கள் உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பது, குலசேகரத்தில் ரப்பர் வெட்டுபவர் மரத்தைச் சுற்றி நகரும் விதம், அடிமுறை என்ற தற்காப்புக் கலை ஆடுபவர் அடி விடுமுன் எடையை எந்தக் காலுக்கு மாற்றுகிறார் என்பது எல்லாம் பாடம். என் தேர்வு தலையில் மீன்கூடையோடு நடக்கும் பெண். தலை ஏறி இறங்கக் கூடாது, அந்த ஏற்ற இறக்கத்தை இடுப்பும் முழங்காலும் வாங்கிக்கொள்ளும், ஒரு கை கூடையில், மறுகை வீசும். இதைச் சரியாகச் செய்தவர் நடையை உண்மையாகவே புரிந்துகொண்டவர். படம் எடுப்பதற்கு முன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வேலைக்கு இடைஞ்சலாக நிற்காதீர்கள். இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில், ஐந்தாறு மீட்டர் தள்ளி, கேமராவை அசைக்காமல் எடுங்கள்.

வீடியோவைப் பின்னணியாக ஏற்றும்போது கவனம். ஃபோன் பெரும்பாலும் 30 ஃபிரேமில் எடுக்கும், பிளெண்டர் அதை ஃபிரேமுக்கு ஃபிரேம் வைத்து 24-இல் ஓட்டும். அரை நொடி அடி 12-க்குப் பதில் 15 ஃபிரேம் எடுக்கும், அதைப் பார்த்து அசைத்தால் நடை நீரில் நடப்பது போல் வரும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவசக் கருவியில் 24, 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' என்று மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

நான்காவது பயிற்சி பேச்சு. இணையத்தில் உள்ள வாய்வடிவ அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கில ஒலிகளுக்குப் போட்டவை. தமிழுக்கு ஏழு வடிவம் தாராளம்: மூடிய உதடு, திறந்த 'அ', அகன்ற 'இ, எ', குவிந்த 'உ, ஒ', பல் உதட்டைத் தொடும் 'வ', நாக்கு தெரியும் 'ல, த, ந', ஓய்வு. 'ழ'வும் 'ற'வும் தமிழின் பெருமையாக இருக்கலாம், ஆனால் வாய்க்குள் நடப்பதால் கேமராவுக்குத் தெரியாது, தனி வடிவம் தேவையில்லை.

ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம்: "என்ன மக்கா, சொகமா?" இதில் உதடு மூட வேண்டிய இடம் இரண்டே: 'மக்கா'வின் ம, கடைசி மா. இந்த இரண்டும் தவறினால் பார்ப்பவர் உடனே கண்டுபிடிப்பார், மற்றதெல்லாம் மன்னிக்கப்படும். 'க்க' வாயின் பின்பகுதியில் பிறப்பது, அதற்காக வாயை மூடித் திறக்காதீர்கள். 'ம'வுக்குப் பின் திறந்த வாய் அப்படியே நிற்கட்டும். 'சொ'வுக்கு உதடு குவியும். மூடும் வடிவம் குறைந்தது 2 ஃபிரேம் நிற்க வேண்டும், 'அப்பா' போன்ற இரட்டிப்பில் நான்கைந்து வரை. வாய், ஒலிக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் முந்தியிருந்தால் சரியாகத் தெரியும், பிந்தினால் டப்பிங் படம் போல் இருக்கும். முதலில் தாடையின் ஏற்ற இறக்கத்தை மட்டும் செய்து ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டுக்கு வாருங்கள். ருபார்ப் லிப் சிங்க் என்ற இலவசக் கருவி ஒலியிலிருந்து வாயைத் தானாகப் போட்டுத் தரும். அதில் ஆங்கிலமல்லாத மொழிக்கு 'ஃபொனெட்டிக்' முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வருவதை வரைவாக மட்டும் வைத்துக்கொண்டு ப, ம இடங்களைக் கையால் திருத்துங்கள்.

ரெண்டர் பற்றிச் சுருக்கமாக. நேரடியாக எம்பி4 ஆக எடுக்காதீர்கள். 10 நொடி ஷாட் 240 ஃபிரேம், ஃபிரேமுக்கு ஒரு நிமிடம் என்றாலே 4 மணி நேரம். மழைக்காலத்தில் 200-ஆவது ஃபிரேமில் கரண்ட் போய், லேப்டாப் பேட்டரியும் தாங்காவிட்டால் மொத்தமும் போச்சு. பிஎன்ஜி படங்களாக எடுத்து, 'ஓவர்ரைட்' தேர்வை நீக்கிவிட்டால் மறுபடி தொடங்கும்போது முடிந்த ஃபிரேம்களைத் தாண்டிப் போகும். கரண்ட் போன நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த கடைசிப் படம் பாதியில் நின்றிருக்கலாம், அதை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். டெக்ஸ்சர் இருக்க வேண்டிய இடம் ஊதாச் சிவப்பாகத் தெரிந்தால் படக்கோப்பின் இடம் மாறிவிட்டது என்று பொருள். வேறு கணினிக்குக் கொண்டுபோகும் முன் 'பேக் ரிசோர்சஸ்' கொடுத்துவிடுங்கள். கோப்புப் பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், எண்ணோடு.

நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் இந்த நான்கும் நான்கைந்து மாத வேலை. அப்புறம் மையத்துக்குப் போங்கள். பாடத்திட்டத்தைக் கையில் வாங்கி, கேரக்டர் அனிமேஷனுக்கு மட்டும் எத்தனை மணி நேரம் என்று எண்ணுங்கள். பல ஒரு வருடக் கோர்ஸ்களில் ஃபோட்டோஷாப், எடிட்டிங், மாடலிங் எல்லாம் போக அதற்கு மிஞ்சுவது கொஞ்சமே. பாடம் எடுப்பவருடைய சொந்த ஷோரீலை (செய்த வேலைகளைத் தொகுத்த மாதிரி வீடியோ) காட்டச் சொல்லுங்கள், போன ஆண்டு மாணவர்களின் ஷோரீலையும். உங்கள் நடை ஷாட்டைக் காட்டி என்ன குறை என்று கேளுங்கள். 'நல்லாருக்கு' என்று மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். 'எடை இடது காலுக்கு மாறவில்லை' என்று சொன்னால் அவரிடம் கற்கலாம். 'நூறு சதவீத வேலை' என்பவர்களிடம் எந்தப் பணிக்கு, எந்த ஊரில், என்ன சம்பளத்துக்கு என்று எழுத்தில் கேளுங்கள்; பாதியில் நின்றால் பணம் எவ்வளவு திரும்பும் என்பதையும்.

முறையான படிப்பு வேண்டுமென்றால் அகமதாபாத் என்.ஐ.டி.யிலும் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளியான ஐ.டி.சி.யிலும் அனிமேஷனில் முதுகலை உண்டு. ஐ.டி.சி.யில் சேர 'சீட்' (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மூன்றாண்டுப் பட்டத்துக்கான தகுதி விதியை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். பிளஸ் டூ முடித்த தம்பி தங்கை யாராவது இருந்தால் சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் அனிமேஷன் பட்டப்படிப்பைச் சொல்லிவையுங்கள்.

வேலைக்குச் சென்னையை மட்டும் நினைக்காதீர்கள். சென்னை எழுநூறு கிலோமீட்டர். தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் பஸ்ஸில் போய்வரும் தூரம். அங்கே டெக்னோபார்க்கில் 1999-இல் தொடங்கிய டூன்ஸ் நிறுவனம் அனிமேஷன் தொடர்கள் செய்கிறது. மலையாளம் காதில் பழகிய குமரி மாவட்டத்துக்காரருக்கு அது ஒரு வசதி. எங்கு விண்ணப்பித்தாலும் சான்றிதழை அப்புறம்தான் பார்ப்பார்கள், முதலில் ஷோரீல். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மிகச் சிறந்த ஷாட் முதலில்; பெயர் சுழன்று வரும் முகப்பு, பாட்டு, டுடோரியல் பார்த்துச் செய்த டோனட் எதுவும் வேண்டாம். ஒரு சுமாரான ஷாட் இருந்தால் வெட்டிவிடுங்கள், பார்ப்பவர் உங்களை அதை வைத்துத்தான் அளப்பார். வேறொருவர் ரிக் என்றால் அவர் பெயரைப் போடுங்கள். தேர்வுக்கு ஒரு ஷாட் கொடுத்து நாள் குறிப்பார்கள். அழகாக முடித்துத் தாமதமாகக் கொடுப்பதைவிட, ஓரளவு முடித்து நாளுக்குள் கொடுப்பது மேல்.

ஏஐ வந்து இதையெல்லாம் விழுங்கிவிடாதா என்று வீட்டில் கேட்பார்கள். சில வேலைகள் போகும், முக்கியமாக இடைப்பட்ட ஃபிரேம் நிரப்புவது போன்றவை. 'தலை நாலு ஃபிரேம் தாமதமாகத் திரும்பட்டும்' என்று இயக்குநர் சொன்னால் எந்தக் கீயைத் தொட வேண்டும் என்று தெரிந்தவருக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இடைக்காலத்தில் உள்ளூரிலேயே வேலை வரும்: கல்யாண அழைப்பு வீடியோ, நகைக்கடை விளம்பரம், யூடியூப் சிறுவர் பாடல். விலையை மொத்தமாகப் பேசாமல் நொடிக் கணக்கில் பேசுங்கள். பாதித் தொகை முன்பணம், திருத்தம் இரண்டு முறை, அதற்கு மேல் தனிக் காசு என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேரக்டர் அசையத் தொடங்கிய பிறகு ஆடை மாற்றச் சொல்வார்கள், அதனால் முதல் ஸ்டில்லிலேயே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். முழுப் பணம் வரும்வரை வாட்டர்மார்க் போட்ட வீடியோ மட்டும் கொடுங்கள். பிளெண்டர் கோப்பைக் கேட்டால் அதற்கு விலை வேறு.